உத்தரம் வரும் வழி

அத்தியாயம் 11

போன வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக் கூடத்தின் மேற்கூரையிலிருந்து இரண்டு கை மண்ணும் மரத்தூளும் கூஸ்கூஸ் தட்டின் நடுவே விழுந்ததைச் சொல்லியிருந்தேன். பூசணித்துண்டு ஒன்றைத் தவிர யாருக்கும் காயமில்லை.

மறுநாளே பொறியாளர் வந்தார். ஏணியில் ஏறி, கூடத்தைத் தாங்கும் பெரிய உத்தரத்தில் விரலை வைத்தார். விரல் உள்ளே போயிற்று. மணிக்கட்டு போயிற்று. முழங்கை வரை போனபோது, "போதும், இறங்குங்க தம்பி. உள்ள யாராவது பிடிச்சு இழுத்துடப் போறாங்க" என்றேன். இறங்கிவிட்டார்.

அவர் சொன்னது இதுதான். உத்தரம் போய்விட்டது. ஃபெஸ் பழைய நகரத்துக்குள் மரம் இருந்த இடத்தில் மரம்தான் போட வேண்டும், இரும்புக்கு அனுமதி கிடைக்காது. ஏழு மீட்டர் நீளத்தில் ஒரே தேவதாரு உத்தரம் வந்தால் கூடம் இப்போது போலவே இருக்கும். வராவிட்டால், கூடத்தின் நடுவில் ஒரு சுவர் எழுப்பி, இரண்டு பக்கமும் குட்டை உத்தரங்கள் போடலாம்.

"சுவர்" என்ற சொல் காதில் விழுந்ததும் மெக்கியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததே, அதோடு போன வாரம் நிறுத்தினேன்.

மெக்கி என் அண்ணனின் மூத்த மகன். புது நகரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறான். யார் எதைச் சொன்னாலும் சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று கேட்பான். இளையவன் லர்பி, ஆலிவும் உப்பில் ஊறிய எலுமிச்சையும் விற்கிறான். அவனுக்குச் சண்டை பிடிக்காது. அதனால் எல்லாச் சண்டையிலும் தோற்பவன் அவன்தான். அண்ணன் தம்பி இருவரும் மனைவி மக்களோடு ஒரே வீடு, ஒரே அடுப்படி, ஒரே கூடம். மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில் நான்.

சுவர் வந்தால் வீடு இரண்டாகிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைச் சத்தமாகச் சொன்னவள் லர்பியின் மனைவி ஸுஹூர் மட்டும்தான். தாய் வீடு என்று ஒன்று இல்லாமல் வந்தவள். அவள் பிள்ளைகளும் மெக்கியின் பிள்ளைகளும் எந்தத் தாய்க்கு எது என்று பார்க்காமல் அந்தக் கூடத்தில் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்.

அதற்கடுத்த சனிக்கிழமை காலை முற்றத்தில் பஞ்சாயத்து. சுமைகாரர்களின் மேஸ்திரி ஹம்முவும் வந்திருந்தார். இந்த ஊருக்குள் சக்கரம் வராது. கட்டில், பீரோ, மாப்பிள்ளை எதுவானாலும் ஹம்முவின் ஆட்கள் முதுகிலோ அவருடைய கோவேறு கழுதை முதுகிலோதான் வீடு சேர வேண்டும்.

"ஏழு மீட்டர் உத்தரம் நம்ம சந்துல திரும்பாதுங்க" என்றார் ஹம்மு.

"பழைய உத்தரம் எப்படி வந்துச்சாம்?" என்று கேட்டான் மெக்கி.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "எங்க பாட்டனாரோட அப்பா காலத்துல நிமிர்த்தி நடத்திக் கூட்டிட்டு வந்தாங்க. உச்சியில ஒரு நாரை கூடு கட்டியிருந்துது. முட்டை உடையக் கூடாதுன்னு மெதுவா வந்ததுல, வாசலுக்கு வர்றப்ப குஞ்சுக்கு இறக்கை முளைச்சுப் போச்சு."

"நீங்க பாத்தீங்களா?" என்றார் ஹம்மு.

"நான் பாக்கல. அந்த நாரை வம்சம் இன்னும் வாசக்கோபுரத்து மேலதான் இருக்கு. சந்தேகம்னா கேட்டுக்க."

ஸுஹூர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தாள். "மாமா, மரத்தை வாங்கிட்டு வந்து நடு வழியில மாட்டிக்கிட்டு முழிக்கறதுக்கு, அதே நீளத்துல நாணல்ல ஒண்ணு கட்டி நடத்திப் பாத்தா என்ன? நாணல் வந்தா மரம் வரும்."

இந்த வீட்டில் அப்படியொரு யோசனை யாருக்கும் வந்ததில்லை. எங்கள் வழக்கம் முதலில் மாட்டிக்கொள்வது, பிறகு யோசிப்பது.

மெக்கி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தான். "சரி. மேஸ்திரி சாட்சியா சொல்றேன். அந்த நாணல் உடையாம வளையாம இந்த முற்றத்துக்கு வந்து சேரட்டும். சுவர்ப் பேச்சை அதோட விட்டுடறேன். வரலைன்னா இன்னைக்குச் சாயங்காலமே செங்கல் இறங்கும்."

"வாக்கு?" என்றாள் ஸுஹூர்.

"வாக்கு."

மெக்கியின் மனைவி ருகையா அடுப்படி வாசலில் நின்று மாவு பிசைந்த கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சுவர் வேண்டுமென்று முதலில் கேட்டவளே அவள்தான் என்று வீட்டில் பேச்சு. அதனால் ஸுஹூர் ஒரு வாரமாக அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

நாணலைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து, குத்தாமல் இருக்க ஒரு பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பைச் சுற்றி, மேல்சதுக்கத்தில் வைத்து உத்தரம் தயாராயிற்று. லாரி வரக்கூடிய கடைசி இடம் அந்தச் சதுக்கம்தான். அங்கிருந்து நாங்கள் ஆறு பேர் தோளில் தூக்கிச் சந்துக்குள் இறங்கினோம்.

வெள்ளைத் துணி சுற்றிய நீளமான ஒன்றை ஆறு பேர் தோளில் வைத்துக்கொண்டு போனால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை.

முதலில் செருப்புத் தைப்பவர் எழுந்து பின்னால் வந்தார். பிறகு மசாலாக் கடைக்காரர் கடையைப் பாதி மூடிவிட்டு வந்தார். முன்பின் தெரியாத ஒருவர் என் தோளைத் தட்டி, "நீங்க வயசானவரு, எனக்குக் கொஞ்சம் கொடுங்க, புண்ணியம்" என்று என் இடத்தைப் பிடித்துக்கொண்டார். மறுக்க மனம் வரவில்லை. ஊர்க் குளியல்கூடமான ஹம்மாம் வாசலைத் தாண்டும்போது எங்களுக்குப் பின்னால் ஒரு தெருவே வந்துகொண்டிருந்தது. சிலர் அழுதார்கள்.

"யாருங்க தவறிட்டாங்க?" என்று ஒரு பெரியவர் லர்பியின் காதில் கேட்டார்.

"எங்க வீட்டு உத்தரம்" என்றான் லர்பி. அவனுக்குப் பொய் வராது.

"ஆமா, ஆமா. வீட்டுக்கே உத்தரமா இருந்திருப்பாரு" என்று பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஏழு மீட்டர் நீளத்துக்கு ஒரு மனிதர் இருப்பாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள்.

முழங்கை முடுக்கில் மாட்டிக்கொண்டோம். ரொட்டி அடுப்புக்காரன் சுவர் ஒரு பக்கம், ஜன்னலில்லாத மதில் ஒரு பக்கம். முன் முனை திரும்பினால் பின் முனை சுவரில் முட்டியது. பின் முனையை எடுத்தால் முன் முனை அடுப்புக்குள் போயிற்று. எதிரே தோல் மூட்டையோடு ஒரு கோவேறு கழுதை, "பாலாக்! பாலாக்!" என்று வழி கேட்டுக் கத்தும் அதன் ஆள், தலையில் ரொட்டிப் பலகையோடு மூன்று பெண்கள், பின்னால் துக்கம் விசாரிக்க வந்த கூட்டம். அந்தக் கழுதை தோல் மூட்டையோடு அங்கேயே படுத்துத் தூங்கியது. நான் பார்த்தேன்.

"கொஞ்சம் வளைச்சா போயிடும்" என்றான் லர்பி.

ஹம்மு அவனைப் பார்த்தார். "நாணல் வளையும். தேவதாரு வளையுமா தம்பி?"

மெக்கி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "முடிஞ்சுதா மேஸ்திரி?"

"முடிஞ்சுதுங்க. இந்த வழியா வராது."

கூட்டத்துக்கு உண்மையைச் சொல்லிக் கலைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. செருப்புத் தைப்பவர் என் மேல் இன்னும் கோபமாக இருக்கிறார். நாணல் உத்தரத்தை வந்த வழியே இழுத்துப் போய்ச் சதுக்கத்து மதிலில் சாய்த்துவிட்டு வந்தோம். வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே மெக்கி செல்போனை எடுத்துவிட்டான். "ஆமா, செங்கல். இன்னைக்கே. வாசல்லயே இறக்கிடுங்க."

கூடத்துத் தரையில் சுவர் வர வேண்டிய இடத்தில் அவனே குனிந்து சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டான். நேர்க்கோடு. மருந்துக்கடைக்காரன் கை நடுங்காது.

ஸுஹூர் அந்தக் கோட்டைப் பார்த்தாள். துணிக்கூடையை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். கூடை காலியாக இருந்ததை நான் கவனித்தேன்.

இனி மேலே நடந்தது எதையும் நான் பார்க்கவில்லை. ஆனால் பார்த்தவர்களைவிடச் சரியாகச் சொல்வேன். எங்கள் ஊரில் சந்து ஆண்களுக்கு, மொட்டை மாடி பெண்களுக்கு. ஓர் ஆண் மேலே போக வேண்டுமென்றால் கீழேயிருந்து சுற்று வீடுகளுக்கெல்லாம் கேட்கும்படி சத்தம் போட்டு, பெண்கள் இறங்க நேரம் கொடுத்து, பிறகுதான் போக வேண்டும். நான் இந்த வீட்டில் பிறந்தவன். எனக்கு வானம் என்பது முற்றத்துக்கு மேலே தெரியும் ஒரு சதுரத் துண்டு. அதற்கு அப்பாலும் வானம் இருப்பதாகப் பெண்கள் சொல்கிறார்கள்.

அழத்தான் போனாளாம் ஸுஹூர். அழுவதற்கு வசதியாகக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து மேட்டுப் பக்கம் பார்த்திருக்கிறாள். பார்த்தவள் அழவில்லை.

எங்கள் பேட்டை சரிவில் இருக்கிறது. மேல்சதுக்கத்துத் தரையும் முதல் வீட்டின் மொட்டை மாடியும் ஒரே மட்டம். அதற்கடுத்த மாடி ஒரு முழம் கீழே. அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம் கீழே. இடையில் சந்து இல்லை, முடுக்கு இல்லை, கழுதை இல்லை. சுவரோடு சுவர் ஒட்டி எங்கள் வீட்டு மாடி வரைக்கும் வந்து, எங்கள் முற்றத்தின் திறந்த வாயில் முடிகிறது.

காலையிலிருந்து அத்தனை ஆண்கள் உட்கார்ந்து வழி யோசித்தோம். ஒருவருக்கும் தலையைத் தூக்கிப் பார்க்கத் தோன்றவில்லை.

ஸுஹூர் பக்கத்து மாடியைத் தாண்டி அதற்கடுத்த மாடியைக் கூப்பிட்டாள். அந்த மாடி அடுத்த மாடியைக் கூப்பிட்டது. மெக்கியின் செல்போனைவிட வேகமாகச் செய்தி சதுக்கத்துக்குப் போய், மதிலில் சாய்ந்திருந்த நாணல் உத்தரம் முதல் வீட்டு மாடிக்கு வந்துவிட்டது. கீழே நாங்கள் அடுத்த குவளைத் தேநீர் ஊற்றுவதற்குள் மேலே தூரத்தில் பெண்களின் குரல் கேட்கத் தொடங்கியது.

"பிடிச்சுட்டியா?"

"பிடிச்சுட்டேன், தள்ளு!"

"ஏய், என் தக்காளி காயுது, மேல வைக்காதே!"

"தூக்குடி, தூக்கு! கல்யாணப் பல்லக்கையே தூக்கினவ நீ!"

ஹம்மு தேநீரை வைத்துவிட்டு எழுந்தார். "என்ன சத்தம் அது?"

"உத்தரம் வருது போல" என்றேன்.

"எங்க?"

"நமக்கு மேல."

மெக்கி அண்ணாந்து பார்த்தான். சதுர வானத்தில் ஒன்றும் இல்லை. குரல்கள் மட்டும் மாடி மாடியாக நெருங்கின. ஒவ்வொரு மாடி தாண்டும்போதும் ஒரு குலவை. அப்புறம் திடீரென்று எல்லாம் நின்றுவிட்டது.

எங்கள் மாடிக்கு முந்தின மாடி, மூத்தவர் என்று பேட்டையே 'லல்லா' போட்டுக் கூப்பிடும் தாஹ்ராவுடையது. இரண்டு வருடமாக எங்களோடு பேச்சில்லை. அவர் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தாராம்.

"இந்த மாடியைத் தாண்டி இந்த வீட்டுக்கு ஒரு ஈர்க்குச்சி கூடப் போகாது" என்று அவர் சொன்னது எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. அவர் பேசினால் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்கும்.

"லல்லா, நான் மன்னிப்புக் கேக்கறேன்" என்றாள் ஸுஹூர்.

"நீ எதுக்குக் கேக்கணும்? டிஷ் மாட்ட ஆளை மேல அனுப்பினது நீயா? நான் தலை முழுக்க மருதாணியோட நிக்கறேன், முக்காடு இல்ல. ஏணியில ஒரு அந்நிய ஆம்பளைத் தலை எட்டிப் பாக்குது! கீழயிருந்து ஒரு சத்தம் உண்டா? ஒரு இருமல் உண்டா? அனுப்பினவன் போடட்டும் சத்தம். ரெண்டு வருஷம் முந்திப் போட வேண்டியதை இன்னைக்குப் போடட்டும். பேட்டை முழுக்கக் கேக்கணும். அப்பதான் இது என் மாடியைத் தாண்டும்."

முற்றத்தில் எல்லோரும் மெக்கியைப் பார்த்தோம்.

"நல்லாருக்கே!" என்றான் மெக்கி. "உத்தரம் வேண்டாங்கறவனே நான். அது வர்றதுக்கு நானே கூவணுமா?"

நியாயமான கேள்வி. லர்பி தலையைக் குனிந்துகொண்டான். ஹம்மு தேநீர்க் குவளைக்குள் பார்த்தார். 

"ஏங்க" என்று மேலேயிருந்து வேறொரு குரல்.

மெக்கி திடுக்கிட்டு அடுப்படியைப் பார்த்தான். அங்கே மாவு மட்டும் இருந்தது.

"ருகையா? நீ அங்க என்ன பண்றே?"

"உத்தரம் தூக்கறேன். தோள் வலிக்குது. சீக்கிரம் சத்தம் போடுங்க."

"ஏய், நீதானே சுவர் கேட்டே!"

"நான் எப்பக் கேட்டேன்?"

"சத்தம் தாங்க முடியல, தூங்க முடியலன்னு தினம் சொல்லுவியே! லர்பி பசங்க போடற ஆட்டத்தைத்தானே சொன்னே?"

"உங்க குறட்டையைச் சொன்னேன்!"

சதுர வானம் முழுக்கச் சிரிப்பு. மெக்கியின் காதுமடல் சிவந்தது.

"அதுக்குக் கூடத்துக்கு நடுவுல சுவர் வைப்பாங்களா யாராவது?" என்றாள் ருகையா. "சுவர் வந்தா ஸுஹூர் அந்தப் பக்கம் நிம்மதியா இருப்பா. நான் இந்தப் பக்கம் உங்க குறட்டையோட தனியா கிடக்கணுமா? ஒரு வாரமா இவ என் முகத்தைப் பாக்கல. என்னன்னு நீங்களும் கேக்கல. போடுங்க சத்தம்."

மேலே யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். "அக்கா" என்ற குரல் மட்டும் வந்தது. ஸுஹூரின் குரல்.

மெக்கி கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தான். முற்றத்தின் நடுவில் போய் நின்றான்.

"வழி விடுங்க... ஆம்பளை மேல வர்றான்" என்றான், மருந்தை எத்தனை வேளை சாப்பிட வேண்டும் என்று சொல்லும் குரலில்.

"காது கேக்கல" என்றார் தாஹ்ரா.

"வழி விடுங்க! ஆம்பளை மேல வர்றான்!"

"காத்துல போயிடுச்சுப்பா."

மெக்கி மூச்சை இழுத்தான். மூன்றாவது முறை அவன் போட்ட சத்தத்தில் ஹம்மாமுக்குள் இருந்த ஆண்கள் துண்டோடு தெருவுக்கு வந்தார்கள். முழங்கை முடுக்கில் தூங்கிக்கொண்டிருந்த கழுதை எழுந்து தன் வீட்டுக்குப் போயிற்று. சதுக்கத்து மேட்டில் நிறுத்தியிருந்த ஒரு லாரி, தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று, ஓட்டுநர் இல்லாமலே கொஞ்சம் ஒதுங்கி நின்றதாகக் கேள்வி. லாரி விஷயத்தை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

முதல் குலவை தாஹ்ராவினுடையது. பிறகு எல்லா மாடியிலிருந்தும்.

சதுர வானத்தின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு முனை எட்டிப் பார்த்தது. நீண்டது. இன்னும் நீண்டது. வானத்தைக் குறுக்கே இரண்டாகப் பிரித்துக்கொண்டு, வளையாமல், உடையாமல் நின்றது. துணி காயப்போடும் கயிறுகளை ஒன்றோடொன்று முடிந்து இரண்டு முனையிலும் கட்டி, பன்னிரண்டு பதின்மூன்று பெண்கள் மெதுவாக இறக்கினார்கள். கீழே லர்பி ஒரு முனையைப் பிடித்தான். மறு முனைக்கு ஆள் தேடுவதற்குள் மெக்கி போய்ப் பிடித்துவிட்டான்.

அண்ணனும் தம்பியுமாகக் கூடத்துக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். சுவருக்குச் சுவர் கச்சிதமாக உட்கார்ந்தது.

ஹம்மு முற்றத்தில் நின்று மேலே பார்த்தார், கூடத்தைப் பார்த்தார், மறுபடி மேலே பார்த்தார். "மரத்தோட கனம் சுவர் மேலயே வருது, மாடித்தளத்துல விழாது. எங்க ஆளுங்க கொண்டு வந்துடுவாங்க. ஒரு நாள் முழுக்க மாடியெல்லாம் காலியா கிடைக்கணும், அவ்வளவுதான்."

"வெள்ளிக்கிழமை ஆகாது" என்றார் தாஹ்ரா மேலேயிருந்து. "திங்கக்கிழமை துணி. மத்த நாள் எதுன்னாலும் எங்களைக் கேட்டுட்டு. ஒவ்வொரு மாடிக்கும் தனித்தனியா சத்தம் போடணும். இவனே போடட்டும், குரல் நல்லாத்தான் இருக்கு."

"போடறேன் லல்லா" என்றான் மெக்கி.

ருகையா படியிறங்கி வந்தாள். முக்காடெல்லாம் நாணல் தூசி. நேரே கூடத்துக்குப் போய், ஒரு வாளித் தண்ணீரைச் சுண்ணாம்புக் கோட்டின் மேல் கவிழ்த்தாள். ஸுஹூர் துடைப்பத்தால் தள்ளினாள். வெள்ளைத் தண்ணீர் முற்றத்து வடிகாலில் போய் விழுந்ததை மெக்கி கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான். தடுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் "பாலாக்!" என்றது. செங்கல் மூட்டைகளோடு கழுதைகள்.

"திருப்பி எடுத்துட்டுப் போயிடுங்க" என்றான் மெக்கி.

"ஏத்திவிட்டா ஏத்திவிட்டதுதாங்க" என்றான் கழுதைக்காரன்.

"இறக்கு, இறக்கு" என்றாள் ருகையா. "மாடிப்படி பாதி உடைஞ்சு கிடக்கு. உத்தரம் தூக்க ஓடினப்ப விழப் போயிட்டேன். அதுக்கு ஆகும்."

புதிதாகத் தேநீர் போட்டார்கள். லல்லா தாஹ்ரா தன் வீட்டிலிருந்து ஒரு தட்டுத் தேன் பலகாரம் கொடுத்தனுப்பினார். ஒரே கூடத்தில், நாணல் உத்தரத்துக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து எல்லோரும் சாப்பிட்டோம். லர்பி வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு சண்டையில் ஜெயித்த பக்கத்தில் இருந்தான். எப்படி உட்கார வேண்டுமென்று அவனுக்குத் தெரியவில்லை.

ஹம்மு கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "வழி ஆச்சு. சரி, மரம் எங்க இருக்கு?"

லர்பி மெக்கியைப் பார்த்தான். பெரியவன் ஏற்பாடு செய்திருப்பான் என்று நினைத்திருந்தான். மெக்கி சுவர் கட்டப் போகிறவன், அவன் எதற்கு மரம் பார்ப்பான்? ஸுஹூர் பொறியாளர் சொல்லியிருப்பார் என்று நினைத்திருந்தாள். பொறியாளர் நாங்களே பார்த்துக்கொள்வோம் என்று நினைத்துப் போயிருப்பார். கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பலகாரத்தைப் பார்த்தேன்.

எங்கள் உத்தரம் அப்போது அஸ்ரு மலைக்காட்டில் வேரும் கிளையுமாக நின்றுகொண்டிருந்தது. கிளையில் ஒரு குரங்காவது உட்கார்ந்திருக்கும். அதற்கும் யாரும் தகவல் சொல்லியிருக்கவில்லை.

மெக்கிதான் முதலில் எழுந்தான். ஆணியிலிருந்து ஜெல்லாபா அங்கியை எடுத்துத் தலை வழியாக மாட்டிக்கொண்டான்.

"அஸ்ருவுக்கு பஸ் எப்ப?"

"ரெண்டு டிக்கெட் எடுங்க" என்றாள் ருகையா.

"நீ எதுக்கு?"

"நீங்க மரம் வாங்கப் போயிட்டுச் சுவரை வாங்கிட்டு வந்து நிப்பீங்க."

ஸுஹூர் அதற்குள் ரொட்டியையும் ஆலிவையும் துணியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள், தனக்கும் சேர்த்து மூன்று பேருக்கு.